ஒரு மணி நேர உச்சத்துக்கு விலை வைத்தவர்

கல்லூரியில் பொருளியல் கற்பித்த ஆண்டுகளில், நிலைச் செலவு என்னும் பாடத்துக்கு வரும்போதெல்லாம் கரும்பலகையில் ஒரு பெயரை எழுதுவது என் வழக்கம்: சாமுவேல் இன்சல். எடிசனை அறியாத மாணவர் எவரும் இருந்ததில்லை. டெஸ்லாவையும் பலர் அறிந்திருந்தனர். இன்சலை அறிந்தவர் ஒருவரோ இருவரோதான். அமெரிக்காவிலோ ஒரு காலத்தில் அவரைத் தெரியாதவர் இல்லை. முதலில் அவருடைய செல்வத்துக்காக, பின்னர் அவருடைய வீழ்ச்சிக்காக.

அவரைப் பற்றி இப்போது எழுதத் தூண்டியது சென்ற கோடை. எங்கள் தெருவில் இரவு பத்து மணிக்கு மேல் மின்சாரம் நின்றுவிடும். பகலில் ஒரு குறையும் இராது. எல்லா வீடுகளிலும் குளிர்சாதனம் ஓடத் தொடங்கும் அந்த இரண்டு மணி நேரத்தை மின்மாற்றியால் தாங்க முடியவில்லை. பெரிய மின்மாற்றி வேண்டுமென்று தெருவாசிகள் மனுக் கொடுத்தோம். நாளின் பெரும்பகுதி பாதிச் சுமையுடன் உறங்கப்போகும் அந்தப் பெரிய இயந்திரத்துக்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்வியை மனுவில் நாங்கள் எழுப்பவில்லை. பொதுவாக யாரும் எழுப்புவதில்லை. 1890களில் சிகாகோ நகரில் அந்தக் கேள்வியை எழுப்பி, அதற்கு விடையும் கண்டவர் இன்சல்.

அவர் பொறியாளர் அல்லர். 1859இல் லண்டனில், வசதி குறைந்த, மதுவிலக்கில் பற்றுக்கொண்ட குடும்பத்தில் பிறந்தார். பதினான்கு வயதில் பள்ளியை விட்டு ஓர் ஏல நிறுவனத்தில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார்; மாலை நேரங்களில் சுருக்கெழுத்துக் கற்றார். செய்தித்தாள் விளம்பரம் ஒன்றைப் பார்த்து அவர் விண்ணப்பித்த வேலை, எடிசனின் லண்டன் பிரதிநிதியிடம் செயலாளர் பணி. அந்த வழியாகவே 1881 பிப்ரவரி இறுதியில், இருபத்தொரு வயதில், எடிசனின் தனிச் செயலாளராக நியூயார்க்கில் கப்பலிலிருந்து இறங்கினார். இறங்கிய அன்றிரவே எடிசன் அவரை உட்காரவைத்து, ஐரோப்பாவில் தமக்கிருந்த பங்குகளில் எவற்றை விற்றுப் பணம் திரட்டலாம் என்று கேட்டாராம். விடிவதற்குள் கணக்கு தயாராக இருந்தது.

கணக்கு எழுதும் பழக்கமோ, வரும் கடிதங்களைப் பிரிக்கும் பொறுமையோ எடிசனுக்கு இல்லை. இரண்டையும் இன்சல் ஏற்றுக்கொண்டார். 1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசனின் மின் நிலையம் இயங்கத் தொடங்கியபோது, அதன் பின்னணியில் இருந்த கடன்களையும் தவணைகளையும் முழுமையாக அறிந்தவர் அந்த இளைஞரே. பின்னர் ஸ்கெனெக்டடி நகருக்கு மாற்றப்பட்ட எடிசன் தொழிற்சாலையை அவர் நிர்வகித்தார். சில நூறு பேர் வேலை செய்த இடத்தில் சில ஆண்டுகளில் ஆறாயிரம் பேர் வேலை செய்தார்கள்.

1892இல் வங்கியாளர்கள் எடிசனின் நிறுவனத்தைப் போட்டி நிறுவனத்துடன் இணைத்து ஜெனரல் எலெக்ட்ரிக்கை உருவாக்கினர். புதிய நிறுவனத்தில் ஆண்டுக்கு 36,000 டாலர் சம்பளத்தில் இன்சலுக்கு உயர்பதவி காத்திருந்தது. அவரோ 12,000 டாலருக்குச் சிகாகோ எடிசன் என்னும் சிறு நிறுவனத்தின் தலைவராகச் சென்றார். மின் கருவிகளைச் செய்து விற்பதைவிட மின்சாரத்தையே விற்பதுதான் எதிர்காலத் தொழில் என்று அவர் கணித்திருந்தார். பெருவணிகர் மார்ஷல் ஃபீல்டிடம் இரண்டரை லட்சம் டாலர் கடன் வாங்கி, தாம் தலைமையேற்கும் நிறுவனத்தின் பங்குகளையே வாங்கினார். அவருடைய குணத்தை அறிய இந்த ஒரு செய்தி போதும். இந்தக் குணம் முதலில் அவரை உயர்த்தியது, பிற்பாடு கவிழ்த்தது.

அன்றைய சிகாகோவின் மக்கள்தொகை பத்து லட்சத்துக்கும் மேல். சிகாகோ எடிசனின் வாடிக்கையாளர்களோ சுமார் ஐயாயிரம் பேர். இருபதுக்கும் மேற்பட்ட மின் நிறுவனங்கள் ஆளுக்கு ஒரு மூலையில் சிறு இயந்திரங்களை வைத்துக்கொண்டு போட்டியிட்டன. பெரிய விடுதிகளும் கடைகளும் தங்கள் நிலவறையில் சொந்த இயந்திரம் வைத்திருந்தன. எடிசன் முறையின் நேர்திசை மின்னோட்டம் ஏறத்தாழ ஒரு மைலுக்கு அப்பால் பயன்படும்படி செல்லாது. ஆகவே ஊர் வளர வளர, மைலுக்கு ஒரு நிலையம் கட்டிக்கொண்டே போக வேண்டும். சாதாரணக் குடும்பத்துக்கு மின்விளக்கு என்பது தெருவில் நின்று வேடிக்கை பார்க்கும் பொருளாகவே இருந்தது.

இன்சல் முதலில் செய்தது, நகர மையத்தில் இருந்த பழைய நிலையத்தைக் கைவிட்டு, 1894இல் ஹாரிசன் தெருவில் ஆற்றங்கரையில் பெரிய நிலையம் அமைத்ததுதான். ஆற்று நீர் நீராவியைக் குளிர்விக்க உதவியது. அதனால் ஒரு யூனிட்டுக்கு எரியும் நிலக்கரி குறைந்தது. முந்தைய ஆண்டு சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சி முடிந்தபின் விலைக்கு வந்த இயந்திரம் ஒன்றையும் வாங்கி அங்கே நிறுவினார். தொலைவுப் பிரச்சினைக்கும் அந்தக் கண்காட்சியில் பலர் கண்ட வழி அவருக்குப் பயன்பட்டது. மாறுதிசை மின்னோட்டமாக உயர் அழுத்தத்தில் தொலைவுக்கு அனுப்பி, அந்தந்தப் பகுதியில் சுழலும் மாற்றி இயந்திரங்கள் மூலம் நேர்திசையாக மாற்றித் தருவது. பழைய நிலையங்கள் ஒவ்வொன்றாகத் துணை மின்நிலையங்களாயின. எடிசன் பக்கமா, டெஸ்லா பக்கமா என்ற சண்டையை நம்மவர்கள் இன்றும் சுவையாகப் பேசுகிறார்கள். எடிசனின் வீட்டில் வளர்ந்த இன்சலோ இரண்டையும் சத்தமின்றி ஒரே கம்பியமைப்பில் இணைத்துவிட்டார்.

ஆனால் இயந்திரங்களால் தீராத சிக்கல் ஒன்று இருந்தது. மின்சாரத்தைச் சேமித்து வைக்க வழியில்லை. கேட்கும் நொடியில் உற்பத்தி செய்தாக வேண்டும். குளிர்கால மாலை ஐந்து மணிக்கு ஊரே விளக்கேற்றும்போது வரும் உச்சத் தேவைக்கு ஏற்ற அளவில் இயந்திரமும் கம்பியும் வேண்டும். இரவு பத்து மணிக்குமேல் அவற்றில் பெரும்பகுதி சும்மா கிடக்கும். கடனுக்கான வட்டி மட்டும் சும்மா கிடக்காது. நிலக்கரிச் செலவைவிட அந்த வட்டியே பெரிய செலவு என்பதை அன்றைய மின் நிறுவனங்கள் பல உணரவில்லை. உணர்ந்தவர்களுக்கும் அதை யாரிடம் எப்படி வசூலிப்பது என்று தெரியவில்லை.

1894 கிறிஸ்துமஸ் விடுமுறையில் இன்சல் இங்கிலாந்து சென்றார். பிரைட்டன் என்னும் கடற்கரை ஊரில் சின்னஞ்சிறு கடைகள்கூட மின்விளக்குகள் பளிச்சிட இருந்ததைக் கண்டு வியந்தார். அந்த ஊர் மின் நிலையத்தின் பொறியாளர் ஆர்தர் ரைட், ஒரு வாடிக்கையாளர் எத்தனை யூனிட் பயன்படுத்தினார் என்பதோடு, ஒரே நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு இழுத்தார் என்பதையும் காட்டும் கருவியைச் செய்திருந்தார். மிக எளிய கருவி அது. மின்னோட்டம் கூடினால் கம்பி சூடேறும். கண்ணாடிக் குழாயில் உள்ள காற்று விரியும். திரவம் அளவுக்குழாயில் வழியும். வழிந்தது திரும்பாது. மாத இறுதியில் அதன் உயரம் அந்த வாடிக்கையாளரின் உச்சத்தைச் சொல்லும். அந்த உச்சத்துக்கேற்ப முதல் சில யூனிட்டுகளுக்கு உயர்ந்த விலை. அதற்குமேல் பயன்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் மிகக் குறைந்த விலை. தம் உதவியாளரை அனுப்பி இம்முறையை ஆராயச் செய்த இன்சல், அடுத்த சில ஆண்டுகளில் அதைச் சிகாகோவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்.

பத்து விளக்குகளை ஒரு மணி நேரம் எரிப்பவரும், ஒரு விளக்கைப் பத்து மணி நேரம் எரிப்பவரும் மீட்டரில் ஒன்றே. மின் நிலையத்துக்கு அப்படியல்ல; முன்னவருக்காகப் பத்து மடங்கு பெரிய இயந்திரத்தை ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். இந்த வேறுபாட்டை ரசீதில் ஏற்றியதுதான் இன்சல் செய்த புரட்சி. தமிழ்நாட்டின் உயரழுத்த மின் நுகர்வோருக்கு இது புதிதல்ல. ஆலைகள் தாம் பயன்படுத்தும் யூனிட்டுக்கான கட்டணத்தோடு, தமக்கான உச்ச அளவுக்கு ஒரு கட்டணமும், உச்ச நேரப் பயன்பாட்டுக்கு ஒரு கூடுதல் விகிதமும் செலுத்துகின்றன. பிரைட்டன் கண்ணாடிக் குழாயின் வழித்தோன்றல் அந்த வரி. வீட்டு ரசீதில் அது இல்லாததால்தான், பெரிய மின்மாற்றியை மனுவால் பெறும் பொருளாக எங்கள் தெரு நினைத்துக்கொண்டது.

விலைமுறையோடு இன்சல் நிற்கவில்லை. உறங்கும் இயந்திரத்துக்கு வேலை தேடிப் புறப்பட்டார். விளக்குகள் எரியாத பகல் நேரத்தில் யார் மின்சாரம் வாங்குவார்கள்? தொழிற்சாலைகள். விளக்குத் தேவை குறைவான கோடையில் யார் வாங்குவார்கள்? பனிக்கட்டித் தொழிற்சாலைகள். நாள் முழுதும் ஓடுபவை டிராம் வண்டிகளும் உயர்மட்ட ரயில்களும். அவை தமக்கென வைத்திருந்த மின் நிலையங்களை மூடிவிட்டுத் தம்மிடம் வாங்கும்படி, அவற்றின் சொந்த உற்பத்திச் செலவைவிடக் குறைந்த விலையில் ஒப்பந்தம் செய்தார். வீடுகளுக்கு மின் இஸ்திரிப் பெட்டிகளை ஆயிரக்கணக்கில் சோதனைக்காக இலவசமாகக் கொடுத்தார்; இஸ்திரி பகலில் நடக்கும் வேலை அல்லவா?

ஒரு குடியிருப்புத் தொகுதியை எடுத்துக்கொண்டு அவர் காட்டிய கணக்கை வகுப்பில் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஏறத்தாழ இருநூறு வீடுகள். ஒவ்வொன்றின் உச்சத் தேவையையும் தனித்தனியே கூட்டினால் வரும் தொகையில், அந்த வீடுகள் யாவும் சேர்ந்து ஒரு நேரத்தில் உண்மையாக இழுத்த அதிகபட்ச அளவு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒருவர் சமைக்கும்போது மற்றவர் இன்னும் வீடு திரும்பவில்லை. ஒருவர் உறங்கும்போது மற்றவர் படித்துக்கொண்டிருக்கிறார். தனித்தனியாக இயந்திரம் வைத்தால் மூன்று மடங்கு முதலீடு; ஒரே வலையமைப்பில் சேர்த்தால் ஒரு மடங்கு. வெவ்வேறு விதமான வாடிக்கையாளர்கள் எவ்வளவு கூடுகிறார்களோ அவ்வளவு மலிவு. பிற்பாடு சிகாகோவுக்கு வடக்கே இருந்த சிற்றூர்களையும் பண்ணைகளையும் இணைத்தபோதும் இதே கணக்குதான். அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை அதற்குமுன் மின்சாரமே காணாதவை.

தேவை பெருகியபோது பழைய பிஸ்டன் இயந்திரங்கள் எல்லையை எட்டின. அதற்குமேல் பெரிதாக்கினால் அதிர்வும் இடநெருக்கடியும் தாங்காது. ஐரோப்பாவில் நீராவிச் சுழலி வேரூன்றுவதைக் கண்ட இன்சல், ஜெனரல் எலெக்ட்ரிக்கிடம் 5,000 கிலோவாட் சுழலி கேட்டார். அந்த நிறுவனம் தயங்கியது. செய்யும் செலவு உங்களுடையது, நிறுவும் செலவு என்னுடையது என்று இழப்பைப் பங்கிட்டு உடன்பாடு செய்தார். 1903இல் ஃபிஸ்க் தெரு நிலையத்தில் அதை முதன்முதலாக ஓட்டியபோது, பொறியாளர் ஃபிரெட் சார்ஜென்ட் இது வெடிக்கக்கூடும் என்று இன்சலை வெளியே போகச் சொன்னார். அது வெடித்தால் தாமும் அழிந்தவரே என்று கூறி இன்சல் அருகிலேயே நின்றார். வெடிக்கவில்லை. ஆறே ஆண்டுகளில் அந்தச் சுழலிகள் சிறியவை ஆகிவிட, 12,000 கிலோவாட் சுழலிகள் அங்கே வந்தன. அந்த வளாகத்தில் 2012 வரை நிலக்கரி எரிந்தது. அதன் புகையைச் சுவாசித்த பில்சன் பகுதி ஏழை மக்கள் பல ஆண்டுகள் போராடியே அதை மூடவைத்தார்கள். மலிவு மின்சாரத்துக்கு இன்சலின் கணக்கேட்டில் ஏறாத விலை ஒன்று இருந்தது என்பதை இங்கே சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

ஒரு நகரில் ஒரே வலையமைப்பு என்றால் அது ஏகபோகம். இன்சல் அதை மறைக்கவில்லை. போட்டியாளர்களை ஒவ்வொருவராக விலைக்கு வாங்கினார். 1897இல் சிகாகோ மன்ற உறுப்பினர்கள் சிலர் காமன்வெல்த் எலெக்ட்ரிக் என்று பெயரளவில் ஒரு நிறுவனம் தொடங்கி, அதற்கு ஐம்பது ஆண்டு உரிமமும் வழங்கி, அதைக் காட்டி இன்சலிடம் பணம் பறிக்க முயன்றார்கள். அமெரிக்காவின் மின் கருவி உற்பத்தியாளர்கள் அனைவரிடமிருந்தும் அந்த நகருக்குக் கருவி வாங்கும் தனியுரிமையை இன்சல் முன்பே பெற்றிருந்ததை அவர்கள் அறியவில்லை. உரிமம் கையில் இருந்தது. நிறுவ ஓர் இயந்திரமும் கிடைக்கவில்லை. கடைசியில் 50,000 டாலருக்கு அவரிடமே விற்றுவிட்டுப் போனார்கள். ஐம்பது ஆண்டு உரிமம் அவர் கைக்கு வந்தது. 1907இல் இரு நிறுவனங்களும் இணைந்து காமன்வெல்த் எடிசன் ஆனது.

அதற்கு முன்பே, 1898இல், தேசிய மின்விளக்குச் சங்கத்தின் தலைவராக அவர் ஆற்றிய உரை சக முதலாளிகளைத் திகைக்கவைத்தது. ஏகபோகம் வேண்டுமென்றால் கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் அரசு ஆணையம் ஒன்றிடம் இருக்க வேண்டும் என்றார். மன்ற உறுப்பினர்களிடம் ஆண்டுதோறும் சிக்குவதைவிட, நிலையான சட்டத்தின் கீழ் இருப்பதே மலிவான வட்டிக்குக் கடன் பெற வழி என்பதும் அதில் அடங்கிய கணக்கு. ஒழுங்குமுறை ஆணையம் என்னும் அமைப்பு இன்று நம் நாட்டில் மாநிலந்தோறும் உண்டு. அதை முதலில் கேட்டவர்களுள் ஒரு முதலாளியும் இருந்தார் என்பது மாணவர்களை எப்போதும் வியக்கவைக்கும்.

அதே மனிதர்தான் 1926இல், செனட் தேர்தலில் நின்ற ஃபிராங்க் ஸ்மித்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டாலர்கள் கொடுத்தார். ஸ்மித் அப்போது இல்லினாய் மாநில வணிக ஆணையத்தின் தலைவர். அதாவது இன்சலின் கட்டணங்களை நிர்ணயித்த ஆணையத்தின் தலைவர். ஸ்மித் வென்றார்; செனட் அவரைத் தன் இருக்கையில் அமரவிடவில்லை. இன்சலின் வாழ்வில் என்னால் மன்னிக்க இயலாத செயல் இதுவே. அவருடைய நிறுவனங்களின் வீழ்ச்சியில் காலத்தின் பங்கும் இருந்தது. இதில் வேறு எவர் பங்கும் இல்லை. ஏகபோகத்துக்கு ஈடாகத் தாமே முன்மொழிந்த காவலரைத் தாமே விலைக்கு வாங்கப் பார்த்தார்.

வீழ்ச்சியின் கதை நீளமானது, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1912இல் அவர் தொடங்கிய மிடில் வெஸ்ட் யுடிலிட்டீஸ், முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் மின் நிறுவனங்களின் பங்குகளை வைத்திருந்த தாய் நிறுவனம். நூறு ரூபாய்ச் சொத்துள்ள ஒரு மின் நிறுவனத்தைப் பாதிக்குமேல் கடனிலும் வாக்குரிமையற்ற பங்குகளிலும் நடத்தினால், சிறு தொகையிலேயே அதை ஆளலாம். அந்தச் சிறு தொகையைத் திரட்டிய நிறுவனத்தையும் அதேபோல் இன்னொன்று ஆளலாம். அடுக்குகள் ஏற ஏற, உச்சியில் இருப்பவரின் சொந்தப் பணம் நூற்றுக்கு ஒன்றோ அரையோதான். லாபக் காலத்தில் உச்சி அடுக்கின் ஈவு வானத்தைத் தொடும். நட்டம் வந்தாலோ முதலில் மறைவதும் அந்த அடுக்கே.

கிளீவ்லாந்தின் நிதியாளர் சைரஸ் ஈட்டன் தம் நிறுவனப் பங்குகளை வாங்கிக் குவிப்பதைக் கண்டு அஞ்சிய இன்சல், 1928இலும் 1929இலும் அடுக்கின்மேல் மேலும் இரண்டு முதலீட்டு நிறுவனங்களை ஏற்றினார். 1929 நவம்பர் 4 அன்று, பங்குச் சந்தை சரிந்த சில நாள்களில், அவர் கட்டிய சிகாகோ இசை நாடக அரங்கம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு ஈட்டனின் பங்குகளை 5 கோடியே 60 லட்சம் டாலருக்குத் திரும்ப வாங்கினார். அதற்கு வங்கிகளிடம் ஈடு வைத்தது தம் நிறுவனங்களின் பங்குகளை. பங்கு விலை சரியச் சரிய வங்கிகள் மேலும் ஈடு கேட்டன. கொடுக்க ஏதுமில்லாத நாள் 1932 ஏப்ரலில் வந்தது. ஜூனில், அறுபதுக்கும் மேற்பட்ட நிறுவனப் பதவிகளிலிருந்து எழுபத்திரண்டு வயது முதியவர் விலகினார். அவரை நம்பிப் பங்கு வாங்கிய ஆசிரியர்களும் கடைக்காரர்களும் அவருடைய சொந்த ஊழியர்களுமாக லட்சக்கணக்கானோரின் சேமிப்பு கரைந்தது.

உறங்கும் முதலுக்கு ஓயாமல் வேலை கொடு என்னும் ஒரே விதியையே அவர் வாழ்நாள் முழுதும் பின்பற்றினார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. சுழலிக்கு அந்த விதி பொருந்தியது. அதற்குக் கீழே மெய்யான வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். பங்குப் பத்திரத்துக்கு அது பொருந்தவில்லை. அடுக்குகள் இடிந்தபோது அடியில் இருந்த காமன்வெல்த் எடிசன் இடியவில்லை என்பதை வரலாற்றாசிரியர்கள் பலர் போகிறபோக்கில்தான் சொல்கிறார்கள். பெருமந்தத்தின் இருண்ட ஆண்டுகளிலும் சிகாகோவின் விளக்குகள் எரிந்தன.

இன்சல் ஐரோப்பாவுக்குச் சென்றார். குற்றச்சாட்டுப் பதிவானபின் கிரேக்கத்தில் தங்கினார். தேர்தல் பிரசாரத்தில் ரூஸ்வெல்ட் அவர் பெயரைப் பேராசையின் அடையாளமாக்கினார். 1934இல் கிரேக்கம் வெளியேறச் சொல்ல, கப்பலில் கிளம்பியவரை இஸ்தான்புல்லில் பிடித்து அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தனர். சிகாகோ நீதிமன்றத்தில் அவர் தம் வாழ்க்கைக் கதையையே சாட்சியமாகச் சொன்னார். அந்த ஆண்டு நவம்பரில் நடுவர் குழு சில மணி நேரத்தில் அவரையும் மகனையும் உடன் நின்றவர்களையும் விடுதலை செய்தது. அடுத்த வழக்குகளிலும் விடுதலைதான். ஆனால் 1935இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், அவர் கட்டியது போன்ற தாய் நிறுவன அடுக்குகளுக்கு முடிவு கட்டியது. எழுபது ஆண்டுகள் நீடித்த அச்சட்டம் 2005இல்தான் நீக்கப்பட்டது. நீக்கியது சரியா என்று என்னைக் கேட்டால், இல்லை என்பேன்.

குற்றவாளியா, நிரபராதியா என்று மாணவர் ஒருவர் ஒருமுறை கேட்டார். நீதிமன்றம் சொன்னதைச் சொன்னேன். அவர் திருப்தியடையவில்லை. நானும்தான்.

1938 ஜூலை 16 அன்று, பாரிஸ் நகரில் கான்கார்டு சுரங்க ரயில் நிலையத்தில் இன்சல் மாரடைப்பால் இறந்தார். சட்டைப்பையில் சில்லறைக் காசுகளே இருந்ததாகச் செய்தி வந்தது. தீர்க்கப்படாத கடன் பல மில்லியன் டாலர். சிகாகோவில் அடக்கம் செய்யவில்லை. லண்டனின் பட்னி வேல் கல்லறைத் தோட்டத்தில், தம் பெற்றோர் அருகே புதைக்கப்பட்டார்.